பாம்பின் காலும் உடும்பின் 'வேரும்'

ஒரு சின்ன வெள்ளி டப்பா. உள்ளே செந்தூரம். செந்தூரத்துக்குள் புதைந்து, கறுத்துச் சுருங்கிப் போன ஒரு 'வேர்'. உற்றுப் பார்த்தால் இரண்டு கைகளைச் சேர்த்துக் கும்பிட்டது போல இருக்கும். இதற்குப் பெயர் ஹத்தா ஜோடி. 'ஹாத்' என்றால் இந்தியில் கை. ஜோடி எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைதான்.

மலைக்காட்டில் எங்கோ ஓரிடத்தில் மட்டும் முளைக்கும் அபூர்வச் செடியின் வேர் என்று சொல்லி விற்பார்கள். பூஜையறையில் வைத்தால் பணம் சேரும், வழக்கு ஜெயிக்கும், எதிரி அடங்குவான், பிரிந்த கணவன் திரும்பி வருவான். விலை ஆயிரக்கணக்கில். வட இந்தியாவின் கோயில் வாசல் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த இந்தச் சரக்கு, இணையம் வந்த பிறகு கூரியரில் எந்த ஊருக்கும் போக ஆரம்பித்தது. கடல் தாண்டி இங்கிலாந்து வரைக்கும் போனது.

2017இல் குட்டு உடைந்தது. வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்புகளும் ஆராய்ச்சியாளர்களும் இந்த வியாபாரத்தைத் தோண்டிப் பார்த்து வெளியிட்டார்கள். அது வேரே இல்லை! செடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆண் உடும்பின் இனப்பெருக்க உறுப்பு. உடும்பைக் கொன்று, அறுத்து, காயவைத்து, செந்தூரத்தில் போட்டு விற்கிறார்கள். வீட்டிலேயே மகாலட்சுமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தினமும் ஊதுபத்தி காட்டியவர்களுக்கு இதைக் கேட்டதும் எப்படி இருந்திருக்கும்!

சிரிப்பு வருகிறதா? வரட்டும். ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒரு மிருகத்தின் உறுப்பைக் காட்டி "இது செடியின் வேர்" என்று இத்தனை பேரை, இத்தனை வருஷம் ஏமாற்ற முடிந்தது எப்படி? வாங்கியவர்களில் படிக்காதவர்கள் மட்டுமா இருந்தார்கள்? ஆன்லைனில் கார்டு போட்டு வாங்கியவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடம் போனவர்கள்தானே?

பதில் ரொம்ப எளிமையானது. அந்த உறுப்பு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவர்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கான விலையைக் கொடுப்பது உடும்பு.

அப்படி என்னதான் இருக்கிறது?

பாம்புகளுக்கும், பல்லி, ஓணான், உடும்பு வகைகளுக்கும் ஆண் உறுப்பு ஒன்று இல்லை. இரண்டு! வாலின் அடியில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

சாதாரணமாகப் பார்த்தால் எதுவுமே தெரியாது. மலம், சிறுநீர்க் கழிவு, இனப்பெருக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்தப் பிராணிகளுக்கு ஒரே ஒரு துளைதான் உண்டு. அந்தத் துளைக்குப் பின்னால், வாலுக்குள், இரண்டு பைகள் போல இவை உள்பக்கம் மடிந்து கிடக்கும். முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி உள்ளே திரும்பிக்கொள்கிறது அல்லவா? அதே மாதிரி. தேவைப்படும்போது ரத்தமும் நிணநீரும் நிரம்பி, தசைகள் அழுத்தி, சட்டைக் கையைத் திருப்பி எடுப்பது போல வெளியே வரும். வேலை முடிந்ததும் ஒரு தசை பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இன்னொரு வித்தியாசம். இதற்குள்ளே குழாய் கிடையாது. வெளிப்பரப்பில் ஒரு வாய்க்கால் மட்டும் ஓடும். விந்து அந்த வாய்க்கால் வழியாகப் போகும். சிறுநீருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

இரண்டு இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பயன்படும். பெண் எந்தப் பக்கம் இருக்கிறதோ, வால் எந்தப் பக்கம் வளைய வசதியோ, அதைப் பொறுத்து இடதோ வலதோ. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விந்தகம். அமெரிக்காவில் உள்ள அனோலிஸ் என்ற சின்னப் பல்லியைக் கவனித்தவர்கள், அடுத்தடுத்து இணை சேரும்போது அது இடதையும் வலதையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று காலியானால் இன்னொன்று தயார்!

பல பாம்புகளின் உறுப்பில் முட்கள் இருக்கும். சிலவற்றில் தேன்கூடு போலக் குழிகள், சிலவற்றில் பாவாடை மடிப்பு போன்ற மடிப்புகள். விரியன் வகைகள் பலவற்றில் ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகக் கிளைத்திருக்கும். பார்ப்பவருக்கு நாலு மாதிரித் தெரியும். கை கால் இல்லாத பிராணி வழுக்காமல் மணிக்கணக்கில் இணைந்திருக்க வேண்டுமானால் பிடிமானம் வேண்டாமா? உடும்புக்கு நுனியில் எலும்பு போலக் கெட்டியான ஒரு பகுதியே உண்டு. காய்ந்தாலும் அது சுருங்குவதில்லை. ஹத்தா ஜோடி மந்திரவாதிகளுக்கு வசதியாகப் போயிற்று.

இதையெல்லாம் பார்க்க காட்டுக்குப் போக வேண்டியதில்லை. டியூப் லைட் பக்கத்தில் பூச்சிக்குக் காத்திருக்கும் வீட்டுப் பல்லியைப் பார்த்தாலே போதும். வால் ஆரம்பிக்கும் இடத்தில், அடிப்பக்கம், இரண்டு சின்னப் புடைப்புகள் தெரிந்தால் அது ஆண். பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். விழுந்தது ஆண் பல்லியா, பெண் பல்லியா என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பாம்பின் கால்

'பாம்பின் கால் பாம்பறியும்' என்று ஒரு பழமொழி உண்டு. கால் இல்லாத பாம்புக்குக் கால் எங்கிருந்து வந்தது?

கிராமங்களில் நல்லபாம்பை அடித்துவிட்டால் அப்படியே போட மாட்டார்கள். பால் ஊற்றி எரிப்பார்கள். தீயில் போடும்போது சூட்டில் உடம்பு இறுகும். அப்போது வாலடியில் இரண்டு பக்கமும் ஏதோ நீட்டிக்கொண்டு வெளியே வரும். பார்த்தவர் அரண்டு போய், "பாம்புக்குக் கால் இருக்குடா!" என்று ஊருக்கே சொல்லுவார். அவர் பார்த்தது கால் அல்ல, இந்த உறுப்புகள்தான். உலகத்தில் பல இடங்களில் இதே கதை உண்டு. பழமொழியும் இப்படித்தான் பிறந்தது என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஆனால் 'கால்' என்று நினைத்தவரை முழு முட்டாள் என்றும் சொல்லிவிட முடியாது. ஏன் தெரியுமா?

2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாம்பு, பல்லி, எலி, கோழி ஆகியவற்றின் கருக்களில் இந்த உறுப்பு எங்கிருந்து முளைக்கிறது என்று பார்த்தார்கள். எலியில் அது வால் மொட்டுப் பக்கத்து செல்களிலிருந்து வருகிறது. பாம்பிலும் பல்லியிலும்? பின்னங்கால் முளைக்க வேண்டிய இடத்து செல்களிலிருந்து! கால் இரண்டு, அதனால் இதுவும் இரண்டு. கோழிக் கருவில் கழிவுத் துளைப் பகுதியை எடுத்துக் கால் மொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தபோது, காலாக வேண்டிய செல்களே இனப்பெருக்க உறுப்பின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தன.

பாம்பு காலை இழந்து கோடிக்கணக்கான வருஷம் ஆகிறது. இருந்தும் காலை உருவாக்கும் மரபணு சுவிட்சுகள் பல அதனிடம் இன்னும் அழியாமல் இருக்கின்றன. கால் இல்லாதவனுக்குச் செருப்பு எதற்கு? 2015இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இதற்கு விடை சொன்னது. அந்த சுவிட்சுகளில் பல இனப்பெருக்க உறுப்பை உருவாக்கவும் தேவை. கால் போய்விட்டது, சுவிட்சுக்கு வேறு வேலை இருக்கிறது.

ஆக தீயில் பாம்பைப் பார்த்து "கால்!" என்று கத்தியவர் பாதி சரிதான். (நிஜமான கால் மிச்சம் வேண்டுமென்றால் மலைப்பாம்பைப் பார்க்கலாம். துளைக்கு இரண்டு பக்கமும் நகம் போல நீட்டிக்கொண்டிருப்பது பின்னங்காலின் மிச்சம். ஆண் அதைக்கொண்டு பெண்ணைச் சுரண்டிச் சம்மதம் கேட்கும்.)

சாரையும் நாகமும்

தெரியாத இடத்தில் கதை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதற்கு ஊர் ஊராக உதாரணம் உண்டு. சாரைப்பாம்புதான் ஆண், நல்லபாம்புதான் பெண், இரண்டும் பிணையும் என்ற நம்பிக்கையைக் கேட்காதவர்கள் குறைவு. பிணையும் பாம்புகள் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்றும் சொல்வார்கள்.

சாரை வேறு இனம், நாகம் வேறு இனம். ஒவ்வொன்றிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. வயல் வரப்பில் இரண்டு பாம்புகள் முன்னுடம்பைத் தூக்கி, ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு எழுந்து எழுந்து விழுவதைப் பார்த்து 'பிணையல்' என்கிறார்கள். பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். யார் யாரைத் தரையில் அழுத்துகிறார் என்கிற போட்டி. தோற்றவர் போய்விடுவார். நிஜமாக இணை சேரும்போது இவ்வளவு ஆர்ப்பாட்டம் இருக்காது. பெண்ணோடு ஒட்டிப் படுத்து, வாலோடு வால் சுற்றி, தரையோடு தரையாகக் கிடக்கும். செல்வம் வேண்டித் துணி போட்டவர்கள் பலர் போட்டது குஸ்தி மைதானத்தில்!

ஒரு பாம்பு ஆணா பெண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்திருந்தால் இந்தக் கதை நின்றிருக்குமா? பாம்புப் பண்ணைகளில் மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றை அந்தத் துளை வழியாக வால் பக்கம் மெதுவாகச் செலுத்திப் பார்ப்பார்கள். உள்ளே மடிந்த பை இருக்கிற ஆணில் கம்பி ஆழமாகப் போகும். பெண்ணில் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். பழகியவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அறிவு என்ற அளவில் ஒரு நிமிஷத்துச் சமாச்சாரம்.

பாம்புகளை வகைப்படுத்துவதற்கே இந்த உறுப்பு பெரிய உதவி. அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப் 1890களிலேயே இதை வைத்துப் பாம்புக் குடும்பங்களைப் பிரித்துக் காட்டினார். வெளியில் அச்சு அசலாக ஒன்று போல இருக்கும் இரண்டு பாம்புகளுக்கு இந்த உறுப்பின் முள்ளும் மடிப்பும் வாய்க்காலும் வேறு வேறாக இருக்கும். உடம்பின் மற்ற பாகங்களைவிட இது வேகமாகப் பரிணாமம் அடைகிறது என்று அனோலிஸ் பல்லிகளை அளந்து 2015இல் காட்டினார்கள். இன்றைக்கும் ஒரு புதுப் பாம்பையோ பல்லியையோ அறிவிக்கும் கட்டுரைகளில் இந்த உறுப்பின் வர்ணனைக்குப் பல நேரம் தனிப் பத்தி இருக்கும். கூச்சப்பட்டால் அங்கே வேலை நடக்காது.

கூச்சம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு

ஆனால் விஞ்ஞானிகளை ரொம்பவும் தூக்கி வைத்துப் பேச வேண்டாம். அவர்களுக்கும் பாதிக் கண்தான் திறந்திருந்தது. ஆண் பாம்பின் உறுப்பை நூறு வருஷத்துக்கு மேலாக வரைந்தும் அளந்தும் தள்ளிய உலகம், பெண் பாம்பின் பக்கம் சரியாகத் திரும்பவே இல்லை. பெண் பாம்புக்கு அதற்கு இணையான உறுப்பு உண்டா என்பதிலேயே குழப்பம். வாசனைச் சுரப்பி என்றும், வளராமல் போன ஆண் உறுப்பு என்றும் மாற்றி மாற்றி எழுதி வைத்திருந்தார்கள்.

2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி மேகன் ஃபால்வெல்லும் அவருடைய குழுவும் 9 இனப் பாம்புகளை ஆராய்ந்து, பெண் பாம்புக்குத் தெளிவான இரட்டைக் கிளிட்டோரிஸ் இருப்பதைக் காட்டினார்கள். நரம்புகளும் ரத்தக் குழாய்களும் நிறைந்த உறுப்பு. இதற்கு முன்னால் ஒழுங்காக வர்ணித்தவர் யாரும் இல்லை. ராக்கெட் விட்டு நிலவுக்குப் போய் வந்த பிறகு, 2022இல்! தேடாததால் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். தேடியது ஒரு மாணவி.

"இதெல்லாம் பசங்களுக்கு எதற்கு?"

இந்த இடத்தில் எதிர்ப்பு வரும். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாம்பின் அந்தரங்கம் எதற்கு? நீட்டில் கேட்கப் போகிறார்களா?"

கேட்க மாட்டார்கள். ஆனால் பாடப் புத்தகத்தில் தவளையின் மூன்று அறை இதயம் இருக்கிறது. கரப்பான்பூச்சியின் வாய் உறுப்புகள் இருக்கின்றன. மண்புழுவுக்கு எத்தனை விந்தகம் என்றுகூட மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். மண்புழுவுக்கு வராத வெட்கம் பாம்புக்கு மட்டும் ஏன்? இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடும் வகுப்புகளைப் பற்றிக் கேள்விப்படாத மாணவர் யார்? ஆசிரியரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவருக்கும் அவருடைய ஆசிரியர் பக்கத்தைப் புரட்டித்தான் கொடுத்தார்.

இன்னொரு எதிர்ப்பு கொஞ்சம் பலமானது. "தெரிந்தால் மட்டும் வியாபாரம் நின்றுவிடுமா? காண்டாமிருகக் கொம்பு கொம்பு என்று தெரிந்துதானே வாங்குகிறார்கள்?" உண்மைதான். விலங்கின் உறுப்புக்குச் சக்தி உண்டு என்று நம்பி வாங்குகிறவரிடம் உயிரியல் பாடம் செல்லாது. அவருக்கு சட்டம்தான் பதில். ஆனால் ஹத்தா ஜோடி அந்த ரகம் இல்லை. இதை விற்கிறவரே உடும்பு என்று சொல்வதில்லை, வேர் என்கிறார். ஏன்? உண்மையைச் சொன்னால் பெரும்பாலோர் பூஜையறைக்குள் விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். சைவச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, குளித்து முழுகி, உடும்பின் உறுப்பைக் கும்பிடச் சம்மதிப்பவர் எத்தனை பேர்? இந்த வியாபாரம் பொய்யின் மேல் நிற்கிறது. பொய்யின் மேல் நிற்பதைத் தகவல் சாய்க்கும். ஒரு படம், நாலு வரி போதும்.

சட்டமும் சும்மா இல்லை. உடும்பு 1972ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. 3 முதல் 7 வருஷம் வரை சிறை. வைத்திருப்பதும் குற்றம், விற்பது மட்டுமல்ல. சர்வதேச வணிகமும் தடை. இதைத் தெரியாமல், வேர் என்றே நம்பி, டப்பாவைப் பீரோவில் வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை இருக்குமோ! லாப் டெஸ்டுக்குப் போனவற்றில் சில, உடும்பின் உறுப்பிலிருந்து அச்சு எடுத்து வார்த்த ப்ளாஸ்டிக் என்றும் தெரிந்தது. போலியிலும் போலி. காசும் போச்சு, கடவுளும் வரவில்லை.

நடுவில் அநியாயமாகச் செத்தது உடும்பு. பூச்சி, நண்டு, எலி என்று தின்று வயலைச் சுத்தம் செய்துகொண்டு, மனிதனைக் கண்டால் புற்றுக்குள் ஓடும் பிராணி. கறிக்கு ஒரு பக்கம், தோலுக்கு ஒரு பக்கம் என்று ஏற்கெனவே அடிவாங்கிக்கொண்டிருந்தது. இப்போது லட்சுமி கடாட்சத்துக்கும் அதுதான் கிடைத்தது.

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. விலங்கியல் பாடத்தில் ஊர்வன பற்றி வரும் இடத்தில் ஒரு படம். பாம்புப் பண்ணைக்குச் சுற்றுலா போகும்போது விஷப்பல்லைக் காட்டுகிறவர் வாலடியையும் காட்டி இரண்டு நிமிஷம் பேசினால் நல்லது. சிரிக்கிற பையன்கள் சிரிப்பார்கள். இரண்டாவது நிமிஷத்தில் சிரிப்பு அடங்கி "சார், ரெண்டு எதுக்கு?" என்று ஒருவன் கேட்பான். அந்தக் கேள்விதான் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட பையனிடம் பத்து வருஷம் கழித்து யாரும் வெள்ளி டப்பாவை நீட்டி 'வேர்' என்று சொல்லிவிட முடியாது.

பாம்பின் காலைப் பாம்பு மட்டும் அறிந்த காலம் போதும். மனிதனும் அறிந்துகொண்டால் உடும்பாவது பிழைக்கும்.